வயிற்று உப்புசம்: எனக்குக் கேட்ட ஆசனம்

மொச்சை சாப்பிட்டால் மறுநாள் காலைவரை வயிறு மத்தளம்தான். ஓமத்தண்ணீர் கொஞ்சம் கேட்கும், முழுசாக இல்லை. எனக்குக் கைகொடுத்தது பவனமுக்தாசனம்.

காலையில் வெறும் வயிற்றில் மல்லாந்து படுத்து, வலது முழங்காலை மடக்கி வயிற்றோடு அணைத்து, நிதானமாக ஐந்தாறு மூச்சு. பிறகு இடது, கடைசியில் இரண்டும் சேர்த்து. வலது ஏன் முதலில்? பெருங்குடல் வலப்பக்கம் மேலேறி இடப்பக்கம் இறங்குகிறது. வாயு நகரும் வழியும் அதுவே. சத்தம் வரும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்!

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் இதைச் செய்யவேண்டாம். எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ டாக்டரிடம்தான் போகவேண்டும்.

ராத்திரி சாப்பிட்ட கையோடு வஜ்ராசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குதிகால்மேல், ஐந்து நிமிஷம் உட்காருகிறேன். முட்டி வலித்தால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே தலையணை வைக்கலாம்.