ரத்தசோகை என்றவுடன் இரும்பு மாத்திரையா?

ரத்தசோகை ஒரே நோயின் பெயர் அன்று. ஹீமோகுளோபின் 7 என்று சீட்டில் கண்டவுடன் காரணத்தைத் தேடாமல் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவதே மருத்துவமனைப் பணியில் நம்மில் பலரும் செய்யும் முதல் தவறு. நம் ஊர்களில் இரும்புச்சத்துக் குறைவே பெருங்காரணம் என்பது உண்மைதான். அக்குறைவு உள்ளவர்களுக்கு மாத்திரை வேண்டும், அதைத் தேநீருடனோ பாலுடனோ விழுங்காமல், ஹீமோகுளோபின் சரியான பின்னரும் ஏறத்தாழ 3 மாதங்கள் தொடரவும் வேண்டும். ஆனால் அரிவாள் செல் (சிக்கிள் செல்) நோய் என்ற பரம்பரை ரத்தசோகையிலோ கோளாறு இரும்பில் இல்லை. ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா குளோபின் என்ற புரதச் சங்கிலியின் 6-ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமைந்துவிடுவதால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைக்கிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் சிதைகிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்திருக்கக்கூடும். ஆகவே இரும்புக் குறைவு பரிசோதனையில் உறுதியாகாமல் அந்த மாத்திரை கூடாது; இவர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது ஃபோலிக் அமிலம்.

அரிவாள் செல் நோயை ஆப்பிரிக்க மக்களின் நோய் என்று ஒதுக்குவதும் தவறு. இந்தியாவில் இது முதன்முதலில் 1952-இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கூடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் பணியர் பழங்குடிக் குழந்தைக்கு அடிக்கடி கைகால் வலி என்றால், அதை வாதம் என்று முடிவுகட்டும் முன் சிக்கிள் செல் பரிசோதனை செய்வது நம் கடமை.

என் பார்வையில் இந்தத் தவறுகளில் மிகக் கொடியது, வலியை நம்பாமல் இருப்பது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்து எழும் அவ்வலியை எந்த எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் அளந்து காட்டாது. நோயாளியின் சொல்லே அளவுகோல். பேசிக்கொண்டும் கைபேசியைப் பார்த்துக்கொண்டும் இருப்பவருக்கு வலி இருக்காது என்று எண்ணி, அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்தில் மார்ஃபின் என்ற வலிமருந்தைத் தள்ளிப்போடுகிறோம். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் வலிமருந்து உடலில் சேர்ந்திருக்க வேண்டும். வலிக்கும் இடத்தில் ஐஸ் கட்டி வைத்தால் ரத்தக்குழாய் மேலும் சுருங்கும். இளஞ்சூட்டு ஒத்தடமே ஏற்றது. தண்ணீர் நிறையக் குடிக்கச் செய்ய வேண்டும் என்பதற்காக டிரிப்ஸை அளவின்றி ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும். வலி தணியட்டும் என்று படுக்கையிலேயே விட்டுவிடவும் கூடாது. விழித்திருக்கும் வேளையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 தடவையாவது ஆழ மூச்சிழுக்கச் செய்ய வேண்டும், சிறு குழந்தை என்றால் சோப்புக் குமிழி ஊதச் சொன்னாலே போதும். நெஞ்சு வலியுடன் மூச்சுத் திணறல் தொடங்கினால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.

காய்ச்சலைப் பாராசிட்டமாலோடு வீட்டில் நிறுத்திவைப்பது உயிருக்கே ஆபத்து. இந்நோயால் மண்ணீரல் செயலிழந்த உடலில் கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும்; 101 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும். ரத்தம் ஏற்றும்போது ஹீமோகுளோபினை 10-க்கு மேல் உயர்த்த முனைவதும் கூடாது, ரத்தம் தடித்து அடைப்பு கூடும்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சீட்டை மட்டும் கொடுத்துவிடாமல், தாயின் விரல்களைப் பிடித்துக் குழந்தையின் இடப்பக்க விலா எலும்பின் கீழ் வைத்து, மண்ணீரலின் விளிம்பு இன்று எங்கே தட்டுப்படுகிறது என்று காட்டிக் கொடுங்கள். ரத்தம் மண்ணீரலில் தேங்கி அந்த விளிம்பு திடீரெனக் கீழிறங்கிக் குழந்தையும் வெளுத்தால், அவர் மறுநாள்வரை காத்திருக்காமல் வண்டி பிடித்து வந்துவிடுவார்.