சேர்வராயன் கல்லில் சிங்கி இறால் தேடலாமா?

ஏற்காடு பாதையில் எடுத்ததாகச் சொல்லி ஒரு தம்பி கல்லைக் கொண்டுவந்தான். "அண்ணே, இறால் மீசை மாதிரியே இருக்கு பாருங்க." விரிசலுக்குள் மெல்லிய கறுப்புக் கிளைகள் தெரிந்தன. மாங்கனீசு கசிந்து படிந்த கோலம் அது.

கல்லாகிப்போன பழங்கால இறாலை, அதாவது புதைபடிவத்தை, அவன் தேடிய இடமே தப்பு. சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை, வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்கடியில் ஆழத்தில் வெந்து இறுகியது. அப்போது ஓடு போர்த்திய உயிர் எதுவும் உலகத்தில் பிறந்திருக்கவில்லை. டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுதான் ஆகிறது. சேலத்து வெள்ளைக்கல்லிலும் ஒன்றும் கிடைக்காது. ஆத்தூர் வழியாகப் பெரம்பலூருக்கு பஸ் ஏறுங்கள். காரைப் பக்கத்துக் களிமண், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடி.

அங்கே போனாலும் உருண்டைக் கல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். 2020-இல் குன்னத்தில் கிடைத்த உருண்டைகளை டைனோசர் முட்டை என்று ஊரே பேசியது. புவியியலாளர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை என்றார்கள்.

அடுத்த தவறு, கொடுக்கை நம்புவது. நம் கடற்கரைச் சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, நீண்ட மீசைதான். கிரெட்டேசியஸ் கால ஹோப்லோபாரியா என்ற இறால் வகைக்குக் கொடுக்கு உண்டு. எரியான் என்ற இன்னொரு பழைய வகைக்கோ முதல் நான்கு ஜோடிக் கால்களிலும் உண்டு! தனியாகக் கிடைக்கும் கொடுக்கு பெரும்பாலும் வளை தோண்டி வாழ்ந்த வேறொரு இறால் வகையுடையது. அதற்கு உடம்பு ஓடு மெல்லியது, மக்கிப்போய்விடும். கெட்டியான கொடுக்கு மட்டும் மிஞ்சும். அதை வைத்துப் புது இனம் அறிவிப்பது அவசரம்.

பார்க்க வேண்டியது முதுகு ஓடு. டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். கழுத்துப் பக்கம் குறுக்கே ஓடும் பள்ளம் எங்கே தொடங்குகிறது, பின்னால் இன்னொன்று உண்டா, இரண்டும் சேர்கின்றனவா என்று பாருங்கள். குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த வரிகள்தான். இவற்றைச் சரியாகப் பார்க்காமல் ஹோப்லோபாரியாவுக்குள் தள்ளியவை ஏராளம். அந்தப் பெயர் கிட்டத்தட்ட கண்டதையும் போடும் கூடை ஆகிவிட்டது.

அப்புறம், கிடைத்ததெல்லாம் செத்த உடல் இல்லை. இறால் வளர வளரச் சட்டை உரிக்கும். முதுகு ஓடு வாலை விட்டுப் பிரிந்து தூக்கிக் கிடந்தால் அது கழற்றிய சட்டையாக இருக்கலாம். பத்து ஓடு என்றால் பத்து உயிர் என்று எண்ணிவிடாதீர்கள்.

வினிகரில் ஊறவைக்கவே கூடாது. ஓட்டில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு, கரைந்துவிடும். களிமண் கட்டியைத் தண்ணீரில் போட்டாலும் பொலபொலவென உதிரும். காய்ந்த பிரஷ், ஊசி, பொறுமை போதும்.

எனக்கு எரிச்சல் வருவது, எடுத்த இடத்தைச் சீட்டில் எழுதி வைக்காத விஷயத்தில்தான். கிளைஃபியா என்ற பழைய இறால் கூட்டம் எப்போதோ அழிந்துபோனது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1908-இல் பிலிப்பைன்ஸ் கடலில் அல்பட்ராஸ் என்ற ஆய்வுக் கப்பல் பிடித்த ஒன்று அமெரிக்க அருங்காட்சியகத்தில் சும்மா கிடந்தது. அது அந்தக் கூட்டத்தில் உயிரோடிருக்கும் உறவு என்று 1975-இல்தான் பெயர் வைத்தார்கள். பிடித்த இடம் பதிவாகி இருந்ததால், அடுத்த வருடமே அதே பகுதிக்குப் போய் இன்னும் சிலவற்றைப் பிடித்தார்கள். நம் தம்பியிடம் எந்த வளைவில் எடுத்தாய் என்று கேட்டேன். "பதினொண்ணோ, பன்னெண்டோ அண்ணே" என்றான்.