போனில் பாட்டுச் செய்யும் செயலி: வாங்குவதற்கு முதல் நகத்தால் தட்டிப் பாருங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டியூட்டரி மேல்மாடியில் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நான் பட்ட வெட்கத்தில் பிறந்த பதிவு இது. அங்கே சங்கீதம் படிப்பிக்கிற டீச்சர், "போனிலேயே பாட்டுச் செய்யலாமாமே, ஒருக்கா வந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ தம்பி" என்று கேட்டிருந்தார். நானும் ஒரு கிழமைக்குள் ஆறு செயலிகளைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் இருந்த புளூடூத் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனேன். திரையில் டிரம்மைத் தட்டினேன். ஒன்றுமில்லை. பிறகுதான் 'டும்' என்று வந்தது. முன் வரிசையில் இருந்த, மிருதங்கம் பழகுகிற பெடியன் கேட்டான்: "அண்ணா, சத்தம் பஸ்ஸிலயா வருது?"

அந்த ஆறில் இன்றைக்கு நான் திறப்பது இரண்டைத்தான். முதலில் இருந்து தொடங்கினால் எப்படிச் செய்வேனோ அதை எழுதுகிறேன். செயலியை எப்படி இறக்குவது, காட் நம்பரை எங்கே போடுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதற்குள் போகவில்லை.

1. கேட்க வருகிறவர்களிடம் என்ன போன் இருக்கிறது?

உங்களிடம் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். நான் கையைத் தூக்கச் சொன்னபோது ஐபோன் வைத்திருந்தவர்கள் மூன்று பேர். மற்றதெல்லாம் அண்ட்ரொயிட், அதிலும் அம்மா பாவித்துவிட்டுக் கொடுத்தவை. அவர்களுக்கு முன்னால் ஐபேடில் மட்டும் ஓடுகிற ஒன்றை வைத்துக் காட்டினால், நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைத்த மாதிரித்தான். இரண்டிலும் ஓடுகிறதைத் தேடுங்கள். இரண்டிலும் ஓடினாலும் ஆப்பிள், கூகுள் செயலிக் கடைகளில் ஒன்றில் வாங்கியது மற்றதில் செல்லாது, திரும்பவும் காசு கட்ட வேண்டும். நான் எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் என்ற செயலிக்கு அப்படித்தான் இரண்டு தரம் கட்டினேன்.

2. நகச் சோதனை

இதை ஒழுங்காகச் செய்தால் மிச்சமெல்லாம் சின்ன வேலை.

மின்விசிறியை நிறுத்துங்கள். புளூடூத்தையும் நிறுத்துங்கள். செயலியில் டிரம் பக்கத்தைத் திறந்து, விரல் சதையால் இல்லாமல் நகத்தால் கண்ணாடியைத் தட்டுங்கள். நகம் கண்ணாடியில் படும் 'டிக்'கும் டிரம்மின் 'டும்'மும் ஒட்டிக்கொண்டு ஒரே சத்தமாகக் கேட்டால் அந்தப் போனும் அந்தச் செயலியும் ஒத்துப்போகின்றன. 'டிக்' தனியாக, 'டும்' தனியாகக் கேட்டால் எவ்வளவு நல்ல செயலியானாலும் அந்தப் போனில் அதை வாசிக்க முடியாது. பிறகு வயர் இயர்போனைப் போட்டு இன்னொரு தரம் பாருங்கள், ஒரு காதில் மட்டும் போட்டு மற்றக் காதை நகத்துக்கு விட்டு வையுங்கள்.

ஏன் இப்படி? சத்தம் காற்றில் ஒரு மீற்றர் போக ஏறத்தாழ 3 மில்லி செக்கன் எடுக்கும். மேடையில் ஏழு மீற்றர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரில் இருந்து வருவதற்கே 20 மில்லி செக்கன். அந்த அளவை விரல் பொறுத்துக்கொள்ளும். சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் 150, 200 என்று சுலபமாக இழுக்கும். நிமிடத்துக்கு 120 அடி ஓடுகிற பாட்டில் ஒரு அடியின் கால்வாசி 125 மில்லி செக்கன்தான். அதாவது நீங்கள் 'த' தட்டும்போது, 'தகதிமி'யில் அடுத்த எழுத்தும் தாண்டிய பிறகுதான் அந்தத் 'த' வெளியே வரும். பெடியன் சிரித்ததில் பிழையே இல்லை.

ஆப்பிளில் இந்தப் பிரச்சினை ஆரம்பத்தில் இருந்தே குறைவு. அண்ட்ரொயிட் 8 உடன் 2017இல் கூகுள் ஏஓடியோ என்று வேகமான ஒலிப்பாதை ஒன்றைக் கொடுத்தது, ஆனால் அதை எவ்வளவு நன்றாக ஓடவிடுவது என்பது போன் செய்கிற கம்பனியின் கையில் இருக்கிறது. அதனால் விலை கூடிய போன் பிந்துவதும் மலிவான போன் பாஸாவதும் நடக்கும். செட்டிங்ஸில் 'பஃபர்' (சத்தத்தை எவ்வளவு சேர்த்து வைத்து அனுப்புவது என்ற அளவு) என்று ஒன்று இருந்தால் பெரியதில் இருந்து படிப்படியாக இறக்குங்கள், சத்தம் எண்ணெயில் கடுகு மாதிரிப் பொரியத் தொடங்கியதும் ஒரு படி மேலே ஏற்றி விட்டுவிடுங்கள். பற்றரி சேமிப்பு நிலையில் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், பொரிவதற்கு அதுவும் காரணமாக இருக்கும்.

வயருக்கும் ஒரு கதை உண்டு. இயர்போன் துளை இல்லாத போனுக்கு யூஎஸ்பி-சி அடப்டர் வேண்டும். புறக்கோட்டையில் ஒன்று வாங்கினேன், வீட்டுக்கு வந்து செருகினால் மௌனம். அடப்டரில் இரண்டு வகை இருப்பது எனக்கு அப்போது தெரியாது. ஒன்றுக்குள் டிஜிட்டல் ஒலியை மாற்றுகிற சிப் இருக்கும், மற்றது வெறும் வயர், ஒரு சில போன்களில்தான் வேலை செய்யும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

3. காசு

மாதாமாதம் கழிக்கிற செயலிகளை நான் தொடுவதில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களுக்குள் 360ஐத் தாண்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். டொலரில் இருக்கிற சந்தா எதையும் அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாக வைத்திருக்க முடியவில்லை. ஐபேடுக்கான லொஜிக் ப்ரோ என்ற பாட்டுச் செயலி 2023 மே மாதம் வந்தபோது மாதம் 4.99 டொலர். நல்ல சாமான்தான், ஆனால் வருடத்தில் இரண்டு தரம் வகுப்பில் காட்டுவதற்கு அது எதற்கு? ஒரே தரம் கட்டி முடிகிறதை வாங்குங்கள்.

வங்கிக் காட்டில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே கேட்டுவிடுங்கள். என்னுடையது பூட்டியிருந்தது, அதைத் திறக்கவே இரண்டு நாள் போனது.

கூகுள் பிளேயில் வாங்கினால் 48 மணித்தியாலத்துக்குள் காசைத் திருப்பிக் கேட்கலாம். ஆகவே வேலை இல்லாத சனிக்கிழமை காலையில் வாங்கி, அன்றைக்கே நகச் சோதனையை முடித்துவிடுங்கள். ஒரு செயலியை ஒரு தரம்தான் இப்படித் திருப்பலாம், பிறகு மனம் மாறித் திரும்ப வாங்கினால் காசு போனது போனதுதான்.

*பிற்சேர்க்கை:* லண்டனில் இருக்கிற சித்தப்பா அனுப்பிய செயலிக் கடைக் கிஃப்ட் காட் வேலை செய்யவில்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். செய்யாது. எந்த நாட்டுக்கு விற்ற காட்டோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். சித்தப்பாவிடம் காசாகவே கேளுங்கள், கொஞ்சம் வெட்கம்தான், என்ன செய்வது.

4. நான் வைத்திருப்பவை

கோவாலா சாம்ப்ளர். இதற்குத்தான் என் முதல் வாக்கு. நான் வாங்கியபோது ஏறத்தாழ 5 டொலர், அண்ட்ரொயிட்டிலும் ஐபோனிலும் ஓடும். திரையில் ஒரு கட்டத்தை அழுத்திப் பிடித்தால் மைக்கில் வருவதைப் பதிந்துகொள்ளும், விட்டுவிட்டுத் தட்டினால் அதையே திருப்பி வாசிக்கும். இப்படி 64 கட்டங்கள். விளக்கம் இவ்வளவுதான். வகுப்பில் ஒரு பிள்ளையை "த" என்று சொல்லவைத்து, இன்னொரு பிள்ளையைக் கதிரையில் தட்டவைத்து, இரண்டு நிமிடத்தில் தாளம் ஓடவிட்டேன். அதற்குப் பிறகு யாரும் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கவில்லை.

கராஜ்பாண்ட். ஆப்பிள் வைத்திருக்கிறவர்களுக்கு இலவசம், காசு கொடுத்து வாங்கும் பலதைவிடத் திறம். ஆனால் என்னை இரண்டு நாள் அலைக்கழித்ததும் இதுதான். பாடிக்கொண்டே இருக்கிறேன், எட்டாவது பார் (சில அடிகள் சேர்ந்த ஒரு கட்டு) முடிந்ததும் பாட்டு முதலுக்கே ஓடிவிடுகிறது. போன் பழுது என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால் புதுப் பாட்டில் ஒரு பகுதியின் நீளம் எட்டுப் பார் என்றுதான் வைத்திருப்பார்கள். மேலே அளவுகோலின் வலப்பக்க ஓரத்தில் சின்னக் கூட்டல் குறி இருக்கும், அதைத் தொட்டுப் பகுதியைத் திறந்து, 'ஓட்டோமேட்டிக்' என்பதைப் போட்டுவிட்டால் நீங்கள் பாடுகிற அளவுக்கு நீளும்.

தாளத்திலும் ஒரு கரைச்சல். அதில் 4/4, 3/4, 6/8 மட்டும்தான் உண்டு. பைலாப் பாட்டுக்கு 6/8 அப்படியே பொருந்தும், ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபுவுக்கு வழியில்லை. நான் செய்வது இப்படி: 4/4ஐ (ஒரு பாருக்கு நாலு அடி) வைத்துக்கொண்டு பகுதியின் நீளத்தை ஏழு பார் ஆக்குவேன். ஏழு நாலு இருபத்தெட்டு, அதற்குள் ஏழின் நாலு ஆவர்த்தனம், அதாவது நாலு சுற்று, சரியாக அடங்கும். அடியைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிறுத்திவிட வேண்டும், அது நாலுக்கு ஒரு தரம் அழுத்திக் குழப்பும். சங்கீத டீச்சர் கமகம் (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடுவது) வருமா என்று கேட்டார். கீபோர்டில் விரலை இழுத்தால் என்ன நடக்க வேண்டும் என்று மாற்றும் பொத்தான் இருக்கிறது, அதை 'பிட்ச்' என்று வைத்தால் சுரம் வழுக்கும். "பரவாயில்லை" என்றார். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் நான் வாங்கியபோது ஏறத்தாழ 15 டொலர். முழுப்பாட்டாகக் கட்டுவதற்கு நல்லது, ஆனால் முதல் நாளில் காட்டுவதற்கு இல்லை, சின்னத் திரையில் பொத்தான்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். பாண்ட்லாப் இலவசம், கனடாவில் இருக்கிற மச்சானோடு சேர்ந்து ஒரு பாட்டைச் செய்ய அதைவிட வசதி இல்லை. கணக்குத் திறக்க வேண்டும், டேட்டா வேண்டும், அதனால் மண்டபத்துக்கு அதை நான் கொண்டுபோவதில்லை.

5. காட்டப் போகும் நாள்

மேலதிகச் சத்தங்கள் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் இறக்கி வையுங்கள். அங்கே போனதும் போனில் ஏர்பிளேன் மோடைப் போடுங்கள். நான் போடவில்லை. தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் அழைப்பு வந்து, ரிங்டோன் மண்டபம் முழுக்க முழங்கியது.

போனில் இருந்து மண்டபத்து மிக்ஸருக்கு வயரில்தான் போக வேண்டும். சார்ஜரைச் செருகியபடி வாசித்தால் சில இடங்களில் 'ம்ம்ம்' என்று இரையும், கழற்றிவிட்டால் நின்றுவிடும். திரையைப் புரொஜெக்டரில் காட்ட விரும்பினால், நடுத்தர விலைப் போன்கள் பலவற்றில் யூஎஸ்பி-சி வழியாகப் படம் வெளியே வராது, வயர் இல்லாமல் அனுப்பினால் படம் பிந்தும். நான் இன்னொரு போனை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்து, என் விரல்களை மேலே இருந்து படம் பிடித்துக் காட்டுகிறேன். விரல் தெரிவது பிள்ளைகளுக்கும் நல்லது.

*இரண்டாவது பிற்சேர்க்கை:* வீடியோவாகப் பதிந்தால் சத்தமே இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அண்ட்ரொயிட்டில் திரைப்பதிவைத் தொடங்கும்போது சத்தம் மைக்கில் இருந்தா, போனுக்கு உள்ளே இருந்தா என்று கேட்கும், உள்ளே என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அப்படியும் சில செயலிகள் தங்கள் சத்தத்தைக் கொடுக்காது. பத்து செக்கன் பதிந்து பார்த்துவிட்டு முழுதாகத் தொடங்குங்கள்.

*மூன்றாவது:* அந்த மிருதங்கப் பெடியன் அம்மாவின் பழைய போனில் கோவாலாவைப் போட்டுவிட்டானாம், நகச் சோதனையும் பாஸ். தெருவால் வந்த, பாண் விற்கிற சூன் பான் ஆட்டோவின் மெட்டைப் பதிந்து, எட்டாக வெட்டி, மிஸ்ர சாபுவில் அடுக்கி எனக்கு அனுப்பியிருந்தான். நடுவில் கடற்கரைப் பக்கம் போன ரயிலின் ஹோர்னும் விழுந்திருந்தது. அதை வெட்டச் சொன்னேன், மாட்டானாம்.