ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளைப் பசை: ஹெட் கேஸ்கெட்டைக் கழற்றச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

கனடாவின் எட்மன்டனில் குளிர் தொடங்கியதும் பிக்கப் டிரக் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன், உள்பக்கம் காபி நுரை நிறத்தில் ஏதோ பசை ஒட்டியிருக்கிறது. என்ஜின் போச்சா?" அனேகமாகப் போயிருக்காது. என்னுடைய வி8 பிக்கப்பிலும் இதே பசை வந்தது. ஒரு பணிமனையில் மூடியை மட்டும் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல்பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருந்து ஆயிலும் கூலன்டும் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று சொல்லி, சில ஆயிரம் டாலருக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கீழே சொல்லும் வரிசையில் சோதித்துப் பார்த்தேன். கேஸ்கெட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மூடியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, டிப்ஸ்டிக்கையும் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அளவையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்கும். என்ஜின் நன்றாகச் சூடாக இருந்தால் பிசிவி வால்வு அந்த ஆவியை உறிஞ்சி மறுபடி எரிய அனுப்பிவிடும். வெளியே மைனஸ் 20 இருக்கும்போது கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வந்தால் ஆயில் சூடாவதே இல்லை. ஆவி குளிர்ந்த இடம் தேடிப் போய்ப் படியும். என்ஜினின் மேல்பகுதியில் மிகவும் குளிர்ந்து கிடப்பது ஆயில் ஊற்றும் குழாயும் அதன் மூடியும்தான். அங்கே தண்ணீரும் ஆயிலும் கலந்து பசையாகிறது. ஊற்றும் குழாய் நீளமான பிளாஸ்டிக்காக இருக்கும் வண்டிகளில் இது இன்னும் அதிகம் தெரியும்.

படி 1: டிப்ஸ்டிக்

இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் துடைத்துப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. காகிதத் துண்டில் ஆயில் பரவிவிடுவதால் நிறம் சரியாகத் தெரியாது. ஆயில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக இருந்தால் நல்லது. குச்சியின் கீழ்ப்பகுதி, அதாவது ஆயிலில் முங்கியிருக்கும் பகுதி, பால் கலந்த மாதிரி இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். குச்சியின் மேல்பகுதியில், குழாய்க்குள் இருக்கும் இடத்தில், இரண்டொரு சொட்டுப் பசை இருந்தால் அதுவும் மூடியில் இருக்கும் அதே சமாச்சாரம்தான்.

ஆயில் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊற்றாமலே அளவு ஏறினால் ஏதோ உள்ளே சேர்கிறது என்று பொருள். மோந்து பார்த்தால் பெட்ரோல் வாசனை வருகிறதா என்பதும் தெரியும். குளிரில் குட்டிப் பயணம் மட்டும் போகும் வண்டிகளில் ஆயிலில் பெட்ரோலும் கலக்கும்.

படி 2: கூலன்ட் அளவு

என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும். கூலன்ட் தொட்டியின் வெளிப்பக்கம், இப்போது அளவு நிற்கும் இடத்தில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். இரண்டு வாரம், ஒவ்வொரு முறையும் ஆறிய நிலையிலேயே பாருங்கள். கோடு இருந்த இடத்திலேயே அளவு நின்றால் உங்கள் கவலையில் பெரும்பகுதி தீர்ந்தது. இறங்கிக்கொண்டே போனால், கூடவே புகைக்குழாயில் இனிப்பு வாசனையுள்ள வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால், கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் புகைவிடும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

கூலன்ட் தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள். அது இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். அவற்றுக்கு அது விஷம்.

படி 3: சந்தேகம் தீரவில்லை என்றால்

சிலர் சூடான தட்டில் ஒரு சொட்டு ஆயிலை விட்டு, சடசடக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது தண்ணீர் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும், எங்கிருந்து வந்த தண்ணீர் என்று காட்டாது. நம் பிரச்சினைக்கு அதனால் பயனில்லை. அதைவிட என்ஜினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று நீலத் திரவம் ஊற்றிச் சோதிக்கும் கருவி நல்லது. உதிரிபாகக் கடைகளில் பலவற்றில் வாடகைக்கும் தருவார்கள். கூலன்ட் தொட்டியின் வாயில் கருவியைப் பொருத்தி, என்ஜின் ஓடும்போது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். பெட்ரோல் என்ஜினில் நீலம் மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். கருவிக்குள் கூலன்ட் ஏறினால் சோதனை கெட்டுவிடும், அதனால் ஆறிய நிலையிலேயே தொட்டியில் கூலன்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

படி 4: ஆயிலைச் சூடாக்குவது

மேலே எல்லாம் சரியாக இருந்தால் இனி வேலை சுலபம், ஆனால் இங்கேதான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமானி முள் கூலன்டின் சூட்டைக் காட்டுகிறது, ஆயிலின் சூட்டை அல்ல. முள் நடுவுக்கு வந்து நின்ற பிறகும் ஆயில் வெகுநேரம் பின்தங்கியே இருக்கும். "முள் நடுவுக்கு வந்துவிட்டது, சூடாகிவிட்டது" என்று வண்டியை நிறுத்தினால், தண்ணீர் ஆவியாகிக் கிளம்பும் முன்பே அடுப்பை அணைத்ததாகிவிடும்.

வீட்டு வாசலில் ஓடவிட்டுச் சூடாக்குவதும் பலன் தராது. சும்மா ஓடும் என்ஜினுக்குச் சுமை இல்லை, அதனால் ஆயில் சூடேற மிகவும் தாமதமாகும். அதற்குள் எரியும் பெட்ரோல் இன்னும் தண்ணீரை உள்ளே சேர்க்கும். சுமையோடு, நெடுஞ்சாலை வேகத்தில், நிற்காமல் ஓட வேண்டும். நான் ஆன்தனி ஹென்டே வட்டச்சாலையில் ஒரு முழுச் சுற்றுப் போவேன். ஏறத்தாழ 78 கிலோமீட்டர், போக்குவரத்து இல்லாத நேரத்தில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணிக்குள் முடிந்துவிடும். கிளம்பும் முன் மூடியைத் துணியால் துடைத்துவிடுங்கள். குழாயின் வாயையும் கைக்கு எட்டும் அளவு துடைக்கலாம், துணியின் நூல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் ஸ்பிரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள். வாரம் ஒரு முறை இப்படி ஓட்டியும் பசை அதே அளவு திரும்பினால் அடுத்த படிக்குப் போங்கள்.

உங்கள் வண்டியின் திரையில் ஆயில் வெப்பம் காட்டும் வசதி இருக்கிறதா என்று மெனுவில் தேடுங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியோடு இணையும் மலிவான ஓபிடி ரீடர் (வண்டியின் கணினி தரும் தகவலைப் படிக்கும் கருவி) வாங்கலாம், ஆனால் ஆயில் வெப்பத்தை எல்லா வண்டியும் அனுப்பாது. தெரியும் வண்டிகளில் 90 டிகிரியைத் தாண்டி இருபது நிமிடமாவது நிற்கட்டும்.

படி 5: தெர்மோஸ்டாட், பிசிவி

நெடுஞ்சாலையிலும் முள் நடுவுக்கு வரவில்லை, ஹீட்டர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்றால் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பி0128 என்ற பிழைக்குறி பெரும்பாலும் இதற்குத்தான் வரும். அதை மாற்றும் செலவு கேஸ்கெட் வேலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

பிசிவி வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். பழைய வகையில் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். புதிய என்ஜின்கள் சிலவற்றில் வால்வே கிடையாது, சிறு துளை மட்டும்தான், அதைச் சுத்தம் செய்தால் போதும். குழாய்களையும் விடாதீர்கள். கடுங்குளிரில் அவற்றுக்குள் பனிக்கட்டி அடைத்தால் என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, சீல் வழியே ஆயில் வெளியே தள்ளும்.

பிளாக் ஹீட்டர்

என் கருத்தில் குளிர்காலத்துக்கு மிக நல்ல செலவு, என்ஜினை மின்சாரத்தால் முன்கூட்டியே சூடாக்கும் இந்த ஹீட்டர்தான். மைனஸ் 15க்குக் கீழே போகும் இரவுகளில் கிரில்லில் தொங்கும் வயரை டைமர் வைத்த பிளக்கில் மாட்டி, கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஓட வையுங்கள். இரவு முழுக்க வைத்தால் மின்கட்டணம்தான் ஏறும். வெளியில் போடுவதற்கென்று உள்ள தடித்த நீட்டிப்பு வயர் மட்டும் பயன்படுத்துங்கள். ஆயிலை நேராகச் சூடாக்க, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டில் (ஆயில் பேன்) ஒட்டும் ஹீட்டர் பட்டையும் கிடைக்கிறது. தினமும் குறைந்த தூரமே ஓட்டுகிறவர்களுக்கு இரண்டும் இருப்பது நல்லது.

பிற்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ஆயிலை எப்போது மாற்றுவது? உங்கள் கையேட்டில் "கடினப் பயன்பாடு" என்று தனி அட்டவணை இருக்கும். குளிரில் குறைந்த தூரம் ஓட்டுவது அதில்தான் வரும். அந்த இடைவெளியைப் பின்பற்றுங்கள். குளிர் முடிந்ததும் ஒரு முறை மாற்றிவிடுவது என் வழக்கம், ஏனென்றால் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் பழைய ஆயிலோடு போய்விடும்.

ஹைபிரிட் டிரக்கில் அதிகமாக வருகிறதே? ஆமாம், வரும். என்ஜின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதால் ஆயில் சூடேற வழியில்லை. மேலே சொன்ன நெடுஞ்சாலை ஓட்டம் அவர்களுக்கு இன்னும் அவசியம். ஜூன் மாதத்தில், நீண்ட பயணம் போய்வந்த பிறகும் மூடியில் பசை இருந்தால் அதற்குக் குளிரைக் காரணம் சொல்ல முடியாது. அப்போது கூலன்ட் அழுத்தச் சோதனை செய்யும் மெக்கானிக்கிடம் போங்கள்.