ஃபுட்பால் மேனேஜரில் முதல் டாக்டிக்ஸ்: யார் ஏறுவது, யார் நிற்பது?

போன வாரம் மன்னார்குடியிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கால்பந்து அணிக்கு நாமே மேலாளராக இருந்து ஆட்களையும் ஆட்டமுறையையும் முடிவுசெய்யும் கம்ப்யூட்டர் கேமான ஃபுட்பால் மேனேஜரைப் புதிதாக ஆடத் தொடங்கியிருக்கிறான். "அத்தான், எட்டு மேட்ச்ல ஆறு தோத்துட்டேன். டீம் நல்ல டீம்தான். என்ன தப்புன்னே தெரியல" என்றான். யார் எங்கே நின்று என்ன செய்வது என்று அமைக்கும் டாக்டிக்ஸ் திரையைப் படமெடுத்து அனுப்பு மாப்ளே என்றேன். வாட்ஸப்பில் வந்தது. பதினோரு பேருக்கும் பச்சை வட்டம் முழுசாக நிரம்பியிருந்தது. அவனவனுக்கு எது மிகப் பொருத்தமோ அந்த ரோலை, அதாவது வேலையைத்தான் கொடுத்திருந்தான். ஆனால் அந்தப் பதினோரு பேரில் ஏழு பேருக்கு அட்டாக், அதாவது ஏறிப் போ என்ற கட்டளை. ஓரங்களில் பின்னால் நிற்கும் இரண்டு விங் பேக்கும் மேலே ஏறுகிறார்கள், ஓரங்களில் முன்னால் நிற்கும் இரண்டு விங்கரும் ஏறுகிறார்கள், நடுவில் நிற்க வேண்டியவனும் ஏறுகிறான். பந்து பறிபோனால் பின்னால் நடுவில் நிற்கும் இரண்டு சென்டர் பேக்கும் கோல் கீப்பரும்தான்.

புதிதாக ஆட வருகிற எல்லோரும் செய்கிற தப்புதான் இது, நானும் செய்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர் மைதானம் குளமாகக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் கால்பந்து என்றால் எங்களுக்கு லேப்டாப்தான். இந்த மழைக்காலத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, அவனிடம் போனில் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

நான் ஆடுவது 2024 பதிப்பு. பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் எபிக் என்ற இணையக் கேம் கடையில் இலவசமாகக் கொடுத்தபோது நம் பையன்கள் பலர் எடுத்துவைத்துக்கொண்டார்கள். 2025 பதிப்பு வரவே இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ரத்து என்று அறிவித்துவிட்டார்கள். 2025 நவம்பரில் வந்த 26-ஆம் பதிப்பில், பந்து நம்மிடம் இருக்கும்போது ஓர் அமைப்பு, எதிரணியிடம் இருக்கும்போது வேறோர் அமைப்பு என்று தனித்தனியாக வைக்கலாம். ஒருவர் எவ்வளவு முன்னால் போவது என்று சொல்லும் டியூட்டி என்ற பிரிவையும் எடுத்துவிட்டார்கள். அதை ஆடுகிறவர்கள் திரையில் பொத்தான்களை வேறு இடத்தில் தேட வேண்டியிருக்கும். யோசிக்க வேண்டியது என்னவோ இதேதான். ஆட்டத்தில் தமிழ் கிடையாது என்பதால், தேட வசதியாக ரோல் பெயர்களைத் திரையில் உள்ளபடியே எழுதுகிறேன்.

படி 1: முதலில் ஆட்களைப் பாருங்கள்

டாக்டிக்ஸ் திரைக்கு இப்போதே போகாதீர்கள். ஸ்குவாட் பக்கத்தில் ஒரு அரைமணி நேரம் செலவழியுங்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பாஸிங், டேக்லிங், ஸ்டாமினா, வேகம் என்று 1 முதல் 20 வரை எண்கள் இருக்கும். எண்ணைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை, நீங்கள் ஆடும் லீக்கோடு ஒப்பிட வேண்டும். இங்கிலாந்தின் நான்காம் நிலையான லீக் டூவில் பாஸிங் 12 வைத்திருப்பவன் பெரிய ஆள். அதே ஆளைப் பிரீமியர் லீக்கில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். துணைப் பயிற்சியாளர் கொடுக்கும் நட்சத்திரங்களும் அப்படித்தான். உங்கள் அணிக்குள் யார் மேல், யார் கீழ் என்பதை மட்டுமே அவை சொல்லும்.

மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சென்டர் பேக்குகள் வேகமானவர்களா? விங்கில் ஆடுகிறவர்களுக்கு எந்தக் கால் பலம்? ஓடி உழைக்கும் மனதைக் காட்டும் ஒர்க் ரேட்டும் ஸ்டாமினாவும் அணி முழுக்க எப்படி இருக்கிறது? பின்னால் வரும் முடிவுகள் பாதிக்கு மேல் இந்த மூன்றில்தான் தொங்குகின்றன.

படி 2: ஒரே ஒரு அமைப்பு

4-3-3 எடுத்துக்கொள்வோம். நான்கு டிஃபெண்டர்கள், அவர்களுக்கு முன்னால் ஒரு டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர், அவருக்கு மேல் இரண்டு மிட்ஃபீல்டர்கள், இரண்டு விங், ஒரு ஸ்ட்ரைக்கர். 4-4-2 பிடிக்கும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், சண்டையில்லை.

ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2024 பதிப்பில் திரையில் தெரியும் அந்த வரிசை, பந்து எதிரணியிடம் இருக்கும்போது உங்கள் ஆட்கள் நிற்கும் வரிசை. பந்து நம் காலுக்கு வந்ததும் யார் எங்கே போவார் என்பதை ரோலும் டியூட்டியும்தான் தீர்மானிக்கும். இது புரியாமல் நான் ஒரு சீசன் முழுக்க அமைப்பை மாற்றி மாற்றியே ஓட்டினேன்.

படி 3: மென்டாலிட்டி

அணி எவ்வளவு துணிந்து ஆடுவது என்பதுதான் இது. வெரி டிஃபென்சிவ் முதல் வெரி அட்டாக்கிங் வரை ஏழு நிலை. நடுவில் இருக்கும் பேலன்ஸ்ட்டில் தொடங்குங்கள். மேலே ஏற்ற ஏற்ற வேகம், முன்னால் போய் நிற்பது, துணிந்து பாஸ் கொடுப்பது எல்லாமே சேர்ந்து ஏறும். கோல் வரவில்லை என்று இதைக் கூட்டினால் பிரச்சினை எங்கே என்று கடைசிவரை தெரியாது.

ஆட்டமே தயார் நிலையில் தரும் பாணிகளும் உண்டு: கெகன்பிரஸ், டிக்கி டாக்கா, ரூட் ஒன், கட்டனாச்சியோ என்று ஒரு பட்டியல். பையன்கள் எல்லோரும் நேரே கெகன்பிரஸுக்குப் போய் விழுவார்கள். பந்து போன அடுத்த நொடியே ஓடிப்போய் பிடுங்கும் ஆட்டம் அது. ஒர்க் ரேட் 9 வைத்திருக்கும் அணியை வைத்து ஆடினால் அறுபதாம் நிமிடத்தில் பாதிப் பேர் நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். காலியாகத் தொடங்கும் வாய்ப்பு இருக்கிறது, அதையே எடுங்கள்.

படி 4: ரோலும் டியூட்டியும்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

ரோல் என்பது வேலை. டியூட்டி என்பது அந்த வேலையை எவ்வளவு முன்னால் போய்ச் செய்வது என்பது. டிஃபென்ட் என்றால் பின்னால் நில், சப்போர்ட் என்றால் கூடவே வா, அட்டாக் என்றால் ஏறிப் போ. பச்சை வட்டம் அந்த ஆளுக்கு அந்த வேலை தெரியுமா என்று மட்டும் சொல்கிறது. பக்கத்தில் நிற்பவனோடு ஒத்துப்போகுமா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஆளாகப் போட்டு நிரப்பாதீர்கள். மைதானத்தை வலது, நடு, இடது என்று மூன்று பாத்தியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி கேளுங்கள்: யார் ஏறுகிறார், அவர் ஏறினால் யார் நிற்கிறார்?

வலது பக்கத்தில் தொடங்குவோம். ரைட் பேக்குக்கு விங் பேக் அட்டாக் கொடுக்கிறேன். அவர் கோட்டை ஒட்டி மேலே ஓடுவார். அவருக்கு முன்னால் இருக்கும் விங்கரும் கோட்டை ஒட்டியே நின்றால் இரண்டு பேரும் ஒரே வரப்பில் எதிரெதிரே வந்த மாதிரி முட்டிக்கொள்வார்கள். அதனால் விங்கருக்கு இன்வர்டெட் விங்கர் சப்போர்ட். இவர் பந்தோடு உள்ளே திரும்புவார், வெளியே வழி விடுவார். வலது பக்கம் ஆடும் இவருக்கு இடது கால் பலமாக இருக்க வேண்டும். முதல் படியில் காலைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். சரி, ரைட் பேக் போய்விட்டார், அந்த இடத்தை யார் பார்ப்பது? வலது மிட்ஃபீல்டருக்கு சென்ட்ரல் மிட்ஃபீல்டர் டிஃபென்ட். உங்கள் அணி லீக்கிலேயே பெரிய அணி என்றால் அவரை இரண்டு கோல் பக்கமும் ஓடும் பாக்ஸ் டு பாக்ஸ் ஆக்கலாம். இல்லையென்றால் நிற்கட்டும்.

இடது பக்கம் தலைகீழ். லெஃப்ட் பேக்குக்கு ஃபுல் பேக் சப்போர்ட், அவர் பாதி வழிதான் வருவார். விங்கில் இன்சைட் ஃபார்வர்ட் அட்டாக், அவர்தான் இந்தப் பக்கத்தில் கோலை நோக்கி ஓடுகிறவர். இங்கே வலது கால் பலமான ஆள் வேண்டும்.

நடுவுக்கு வருவோம். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டருக்கு அதே பெயரில் உள்ள ரோல், டிஃபென்ட் டியூட்டி. பால் வின்னிங் மிட்ஃபீல்டர் என்ற பெயரைப் பார்த்து மயங்கி அதை இந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள். அவர் பந்து போகும் இடமெல்லாம் துரத்திக்கொண்டு போவார், சென்டர் பேக்குகளுக்கு முன்னால் வாசல் திறந்தே கிடக்கும். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இருந்தால்தான் அந்த ரோல்.

இடது மிட்ஃபீல்டருக்கு அட்வான்ஸ்ட் பிளேமேக்கர் சப்போர்ட். பிளேமேக்கர் என்று பெயர் வைத்தாலே மற்றவர்கள் அவரைத் தேடித் தேடிப் பந்து கொடுப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், மடை எங்கே திறந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் பாயும். ஒரே வாய்க்காலில் நாலு மடையைத் திறந்துவிட்டால் கடைமடை காய்ந்துபோகும். என் முதல் அணியில் ரெஜிஸ்டா ஒருவர், டீப் லையிங் பிளேமேக்கர் ஒருவர், அட்வான்ஸ்ட் பிளேமேக்கர் ஒருவர், மூன்றுமே பிளேமேக்கர் ரோல்கள். பந்து இவர்கள் மூன்று பேருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேலே, கோலுக்கு அருகிலேயே காத்திருக்கும் போச்சர் ரோலில் தனியாக நின்ற ஸ்ட்ரைக்கர் ஒரு ஆட்டத்தில் பந்தைத் தொட்டதே ஒன்பது முறை. அவனைப் பாதி விலைக்கு விற்றேன். போன இடத்தில் கோலாக அடித்துத் தள்ளினான். தண்ணீர் வராத வயலைக் குறை சொன்ன கதைதான்.

ஆகவே ஸ்ட்ரைக்கருக்கு டீப் லையிங் ஃபார்வர்ட் சப்போர்ட். அவர் கீழே இறங்கி வந்து பந்தை வாங்குவார், சென்டர் பேக் ஒருவர் அவரோடு இழுபட்டு வருவார், அந்த இடைவெளியில் இடது பக்க இன்சைட் ஃபார்வர்ட் புகுவார். பதினோரு பேரில் அட்டாக் இரண்டே பேர்தான் என்று பயப்பட வேண்டாம். சப்போர்ட் என்றாலும் நன்றாகவே ஏறி வருவார்கள்.

சென்டர் பேக்குகளில் பாஸிங் நன்றாக உள்ளவருக்கு பால் பிளேயிங் டிஃபெண்டர், மற்றவருக்கு சாதாரண சென்ட்ரல் டிஃபெண்டர். கோல் கீப்பரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

படி 5: அணிக்கான கட்டளைகள்

மூன்று தலைப்பு இருக்கும்: பந்து நம்மிடம் இருக்கும்போது, கை மாறும் நேரத்தில், பந்து அவர்களிடம் இருக்கும்போது. பொத்தான்களைப் பார்த்ததும் எல்லாவற்றையும் அழுத்தக் கை துறுதுறுக்கும். மொத்தமே நான்கு போதும். ஒன்றுக்கொன்று முரணாகிவிடக்கூடாது: பந்தை நிதானமாக பாக்ஸுக்குள் கொண்டுபோ என்றும், தூரத்திலிருந்தே சீக்கிரம் கிராஸ் போடு என்றும் ஒரே மூச்சில் சொன்னால் பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்?

கவனிக்க வேண்டியது இரண்டு கோடுகள். டிஃபென்சிவ் லைன் என்பது உங்கள் டிஃபெண்டர்கள் எங்கே நிற்பது. லைன் ஆஃப் எங்கேஜ்மென்ட் என்பது எதிரணியை எங்கிருந்து மறிக்கத் தொடங்குவது. முன்னால் உள்ளவர்களை, எதிரணியின் பக்கத்திலேயே போய் மறிக்கும் ஹை பிரஸ் என்று அனுப்பிவிட்டு டிஃபெண்டர்களைக் கீழேயே நிறுத்தினால் நடுவில் ஒரு ஏக்கர் காலியாகக் கிடக்கும். சென்டர் பேக்குகளுக்கு வேகம் இல்லையென்றால் ஹை பிரஸே வேண்டாம். நடுத்தரமான மிட் பிளாக்கும் ஸ்டாண்டர்ட் லைனும் வையுங்கள்.

தனி ஆட்களுக்கான கட்டளைகளை முதல் சீசனில் தொடாமலே விட்டுவிடலாம். ரோலுக்குள்ளேயே பல கட்டளைகள் ஏற்கெனவே பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன.

படி 6: பச்சை பிடிக்க விடுங்கள்

டாக்டிக்ஸ் திரையில் அணிக்கு இந்த முறை எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டும் பட்டை ஒன்று உண்டு. தொடக்கத்தில் அது கீழேதான் இருக்கும். பயிற்சியிலும் ஆட்டத்திலும் மெல்ல ஏறும். நட்ட பயிர் பச்சை பிடிக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. மறுநாளே பிடுங்கி வேறு வயலில் நட்டால் என்ன ஆகும்? சீசனுக்கு முன்னால் நட்பு ஆட்டங்கள் நாலைந்து வையுங்கள், உங்களைவிடச் சின்ன அணிகளோடு. ஜெயித்தால் ஆட்களின் மனநிலையும் ஏறும்.

ஒரே நேரத்தில் மூன்று டாக்டிக்ஸ் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. மூன்றையும் நிரப்பியே ஆக வேண்டும் என்பதில்லை. என்னிடம் இரண்டுதான். இரண்டாவது இதே அமைப்பு, விங் பேக்கை மட்டும் சப்போர்ட்டுக்கு இறக்கி, மென்டாலிட்டியைக் கொஞ்சம் எச்சரிக்கையான காஷஸுக்குக் குறைத்தது. ஒரு கோல் முன்னிலையில் கடைசிப் பதினைந்து நிமிடத்துக்கு அது.

படி 7: ஆட்டத்தைப் பாருங்கள்

ரிசல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தாவாதீர்கள். ஹைலைட்ஸை எக்ஸ்டெண்டட்டில் வையுங்கள். லேப்டாப் திணறினால் மேலிருந்து பார்க்கும் 2டி போதும். ஆட்கள் புள்ளிகளாகத் தெரிந்தாலும் யார் எங்கே நிற்கிறார் என்பது அதில்தான் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வாங்கிய கோல் ஒவ்வொன்றையும் பின்னால் ஓட்டிப் பாருங்கள். மூன்று கோலும் வலது பக்கமாகவே வந்திருந்தால் விங் பேக்கை சப்போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதை மட்டும் மாற்றி, மூன்று ஆட்டம் விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று விஷயத்தை ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மன்னார்குடிக்காரன் இவ்வளவையும் கேட்டுவிட்டு, ஐந்து பேரை அட்டாக்கிலிருந்து சப்போர்ட்டுக்கு இறக்கினான். அடுத்த மூன்று ஆட்டம்: 1-1, 0-0, 2-1. "போரடிக்குது அத்தான்" என்கிறான்.

எல்லாம் அமைத்து முடித்ததும் டாக்டிக்ஸைத் தனியாக சேவ் செய்துகொள்ளுங்கள், ஆட்டத்தின் சேவ் வேறு, இது வேறு. தனிக் கோப்பாக இருந்தால் புதிய அணிக்கும் அதையே ஏற்றிக்கொள்ளலாம், நண்பனுக்கும் அனுப்பலாம். மழை நாளில் எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, என் லேப்டாப் பேட்டரி நிற்பது பதினோரு நிமிடம். ஆட்டோசேவையும் வாரம் ஒருமுறைக்கு வைத்துவிடுங்கள்.