கற்றாழைச் சோறு எடுப்பது எப்படி? மஞ்சள் பாலை முதலில் வடியவிடுங்கள்

சித்திரை வெயிலில் கிளிநொச்சியிலிருந்து முறிகண்டி வரை சைக்கிளில் போய்வந்த அன்று கழுத்தெல்லாம் எரிந்தது. கிணற்றடியில் நின்ற கற்றாழையில் ஒரு மடலை அறுத்து, தோலைச் சீவி, அப்படியே பூசினேன். அரை மணித்தியாலத்தில் எரிவோடு அரிப்பும் சேர்ந்துகொண்டது. பால் வடியவிட்டாயா என்று அம்மம்மா கேட்டபோதுதான் பிழை விளங்கியது.

அடியில், வெளிப்பக்கமாக இருக்கும் தடித்த மடலை எடுங்கள். நடுக்குருத்தைத் தொட வேண்டாம். செடி வளர்வது அதிலிருந்துதான்.

இனித்தான் முக்கியமான வேலை. அறுத்த வாய் கீழே இருக்கும்படி மடலை ஒரு பேணிக்குள் நிமிர்த்தி வையுங்கள். தோலுக்கும் சோற்றுக்கும் இடையிலிருந்து மஞ்சள் பால் துளித்துளியாக இறங்கும். பேணியின் அடியில் அது மெல்ல மண்ணிறமாக மாறும். காய்ச்சி இறுக்கினால் இதுதான் நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கரியபோளம். கடும் பேதி மருந்து. தோலில் அரிப்பையும் வயிற்றில் முறுக்கையும் தருவது இந்தப் பால்தான். பதினைந்து நிமிடம் போதும் என்பார்கள். நான் ஒரு மணித்தியாலம் விடுகிறேன்.

பிறகு இருபக்க முள்ளையும் சீவி, மேல்தோலை உரித்து, சோற்றைக் கரண்டியால் வழியுங்கள். தோலை ஒட்டச் சுரண்டக் கூடாது, மிச்சப் பால் அங்கேதான் இருக்கும். துண்டுகளை ஏழு தண்ணீரில் கழுவுவது பழைய முறை. வழுவழுப்புக் குறைந்து, மஞ்சள் சாயல் இல்லாமல் கண்ணாடிபோல் தெரியும் வரை கழுவுங்கள். பிளெண்டரில் அடித்தால் நுரைதான் பொங்கும். முள்ளுக்கரண்டியால் மசிப்பதே எனக்குப் பிடித்தது.

முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுங்கள். ஒத்துக்கொண்டால் வெயில் எரிவுக்கும் உச்சந்தலைச் சூட்டுக்கும் பூசலாம். ஆழமான காயத்தில் வைக்காதீர்கள். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

உடல் சூட்டுக்குக் கழுவிய சோற்றைப் பனங்கட்டியோடு உண்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உள்ளே எடுக்க வேண்டாம். நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கற்றாழைப் பால் சேர்ந்த பேதி மருந்துகளை, பாதுகாப்பு உறுதியாகவில்லை என்று அமெரிக்கா 2002இல் கடை விற்பனையிலிருந்து நிறுத்தியது.

பின்சேர்க்கை: மல்லாவியிலிருந்து ஒரு வாசகி, பால் வடித்தும் கை தடித்துவிட்டது என்று எழுதியிருந்தார். படத்தைப் பார்த்தேன். அவர் வெட்டியது வேலியோரத்து ஆனைக்கற்றாழை. அதன் சாறே தோலைப் புண்ணாக்கும். ஐயமிருந்தால் மடலைக் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே தெளிந்த சோறு இல்லாமல் நார் நாராக இழுபட்டால் அது ஆனைக்கற்றாழை. உடனே கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடுங்கள்.