சேவையகங்களையும் வலையமைப்பையும் கண்காணித்தல்: திருகோணமலை அலுவலகங்களுக்கான நடைமுறை

கண்காணிப்பு மென்பொருளை நிறுவுவதற்கு முன்னர், அலுவலகத்தின் ஒவ்வொரு பணியும் எந்தெந்தச் சேவைகளில் தங்கியிருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திருகோணமலை நகரில் தலைமை அலுவலகமும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கிளைகளும் கொண்ட ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மூதூரில் ஒரு பற்றுச்சீட்டு அச்சாக வேண்டுமானால் கிளையின் ரவுட்டர், இணைய இணைப்பு, டிஎன்எஸ் (பெயரை இணைய முகவரியாக மாற்றும் சேவை), பற்றுச்சீட்டு மென்பொருள் இயங்கும் சேவையகம், தரவுத்தளம் ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும். இவற்றுள் சேவையகத்துக்கு அனுப்பிய பிங்குக்கு (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் சிறு வினவலுக்கு) பதில் கிடைத்தது என்பது அந்த இயந்திரம் வலையமைப்பில் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். தரவுத்தளம் பூட்டுண்டு கிடக்கும்போதும் அந்தப் பதில் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே முதலில் அமைக்க வேண்டியது, பரிசோதனைக் கணக்கு ஒன்றின் மூலம் உள்நுழைந்து, ஒரு பதிவைத் திறந்து, அதற்கு எடுத்த நேரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் சோதனையாகும். அதைச் சேவையக அறையிலிருந்து மட்டுமன்றி, மூதூர்க் கிளையில் வைத்த ஒரு சிறிய கணினியிலிருந்தும் நடத்துங்கள்.

மென்பொருளாக ஸாபிக்ஸ், நாகியோஸ், ப்ரொமீதியஸ் ஆகிய மூன்றில் எதுவும் போதும். தெரிவு குறித்து நெடுநாள் விவாதிப்பதில் பயனில்லை. சுவிட்ச், ரவுட்டர் போன்றவற்றை எஸ்என்எம்பி என்னும் நெறிமுறை மூலம் வினவும்போது அதன் மூன்றாம் பதிப்பையே பயன்படுத்துங்கள். முந்தைய பதிப்புகளில் கடவுச்சொல்லுக்கு ஒப்பான சொல் மறையாக்கம் இன்றியே வலையமைப்பில் செல்கிறது.

அளவீடுகளை வாசிப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகின்றனர். லினக்ஸின் சுமைச் சராசரி, செயலிக்காக (சிபியூ) காத்திருக்கும் பணிகளை மட்டுமன்றி, வட்டிலிருந்து தரவு வரும்வரை முடங்கி நிற்கும் பணிகளையும் சேர்த்தே எண்ணுகிறது; எனவே சுமை உயர்ந்தும் செயலி ஓய்வாக இருந்தால் வட்டின் பக்கம் பாருங்கள். வெற்று நினைவகம் குறைந்திருப்பதைக் கண்டு பதற வேண்டியதில்லை, ஏனெனில் லினக்ஸ் அதைக் கோப்புகளின் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திவிட்டுத் தேவைப்படும்போது விடுவிக்கும். நினைவகம் போதாதபோது வட்டில் பயன்படும் ஸ்வாப் பகுதிக்குத் தரவு ஓயாமல் போய்வருவதுதான் கவலைக்குரியது. வட்டில் 10 சதவீதமே மீதி என்ற எச்சரிக்கைக்கும் தனியே பொருளில்லை. 2 டெராபைட் வட்டில் அது 200 ஜிகாபைட். 20 ஜிகாபைட் வட்டுப் பிரிவில் அது 2 ஜிகாபைட், கட்டுமீறிய ஒரு பதிவுக் கோப்பு அதை ஓர் இரவில் விழுங்கிவிடும். ஆகவே, இன்றைய வேகத்தில் போனால் எத்தனை நாளில் நிரம்பும் என்பதைக் கணக்கிட்டு எச்சரிக்கச் செய்யுங்கள். ஐநோட்டுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்றாகத் தேவைப்படும் குறிப்புப் பதிவுகள்) தீர்ந்தால், இடம் மீதமிருந்தும் புதிய கோப்பை உருவாக்க முடியாது என்பதால் அவற்றையும் பட்டியலில் சேருங்கள். ஒரு வட்டு போனாலும் தரவு தப்பும்படி பல வட்டுகளை இணைத்த ரெய்டில் ஒரு வட்டு பழுதானாலும் சேவை நிற்பதில்லை. எவரும் அறியாமல் அடுத்த வட்டும் போகும்வரை அது அப்படியே கிடக்கக்கூடும் என்பதால், ரெய்டு நிலை குறித்த எச்சரிக்கை கட்டாயம்.

நம் ஊருக்கே உரிய பகுதி வெப்பமும் மின்சாரமும். வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில் மின்வெட்டு ஏற்பட்டால் யூபிஎஸ் சேவையகத்தைத் தாங்கும், குளிரூட்டியைத் தாங்காது. மின்பிறப்பாக்கி வந்த பின்னரும் சில குளிரூட்டிகள் தாமாக மீண்டும் இயங்குவதில்லை. இதனால் மின்சாரம் இருந்தும் அறை சூடேறிக்கொண்டே போகும். சேவையக அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் உள்ளெடுப்புக் காற்றின் வெப்பநிலை 18 முதல் 27 பாகை செல்சியஸ் வரை. வெப்ப உணரியைக் குளிரூட்டியின் வாயருகே வைத்தால் அது எப்போதும் நல்ல செய்தியையே சொல்லும் என்பதால், சேவையகம் காற்றை இழுக்கும் முன்புறத்தில் பொருத்துங்கள். யூபிஎஸ் மின்கலம் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதையும் கண்காணித்து, குறித்த எல்லைக்குக் கீழே போனதும் தரவுத்தளம் ஒழுங்காக மூடப்படும்படி அமையுங்கள். கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் உப்புக் காற்று இணைப்பிகளை அரிக்கும். சுவிட்சில் கேபிள் செருகும் ஒரு துறையில் சிஆர்சி பிழைகளின் (வழியில் சிதைந்து வந்த தரவின்) எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், அந்தக் கேபிளையும் அதன் முனையையும் முதலில் சந்தேகியுங்கள்.

எச்சரிக்கை எல்லைகளை முதல் நாளே தீர்மானிக்காதீர்கள். மாத இறுதி வேலைப்பளுவும் உள்ளடங்கும்படி ஒரு மாதமாவது அளந்து, வழமையான நிலையை அறிந்த பின்னரே எண்களை இடுங்கள். பதிலளிக்கும் நேரத்துக்குச் சராசரியை நம்பாமல் 95ஆம் சதமானத்தை (100 பதில்களில் 95 எந்த நேரத்துக்குள் வந்தன என்பதை) பாருங்கள். ஒரு தடவை தவறியதற்கு அன்றி, தொடர்ந்து மூன்று சோதனைகள் தவறினாலே செய்தி போகட்டும். கிண்ணியா ரவுட்டர் விழுந்தால் அதன் பின்னாலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிச் செய்தி வராதபடி சார்புகளை வரையறுங்கள். பெற்றவர் எழுந்து செய்ய எதுவுமில்லாத செய்தியை நள்ளிரவில் அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அத்தகையவை பெருகினால் உண்மையான அபாயச் செய்தியும் வாசிக்கப்படாமல் போகும். சுவரில் பெரிய திரை மாட்டி வரைபடங்களை ஓடவிடுவது பார்வையாளருக்கு நன்று, இரவுக் கடமைக்கு அதனால் பயன் குறைவு.

அலுவலக இணைப்பே அறுந்தால் மின்னஞ்சல் எச்சரிக்கை வெளியேறாது. ஆகவே கண்காணிப்புக் கணினியில் சிம் அட்டையுடன் ஒரு மோடம் பொருத்திக் குறுஞ்செய்திக்கு வழிசெய்யுங்கள். அந்தக் கணினி தானே விழுந்தால் சொல்வதற்கு, வெளியூரில் இயங்கும் ஒரு சேவைக்கு அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சமிக்ஞை அனுப்பட்டும். சமிக்ஞை நின்றால் அந்தச் சேவை உங்களை அழைக்கும். பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியாவதற்கு மூன்று வாரம் முன்னரே அறிவிப்பு வர வேண்டும். காப்புப்பிரதிக்கு, பணி முடிந்தது என்ற வரியை நம்பாமல், கோப்பின் வயதையும் பருமனையும் சோதியுங்கள்.

எல்லாம் அமைத்த பின், வேலை குறைந்த ஒரு மாலையில் முன்னறிவித்துவிட்டு மூதூர் இணைப்பின் கேபிளைக் கழற்றி, குறுஞ்செய்தி எத்தனை நிமிடத்தில், யாருடைய கைப்பேசிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.